எத்துப்பல்லும் தெத்துப்பல்லும்

தமிழில் ஓர் எழுத்து செய்கிற வேலையைப் பாருங்கள். ஒரு பல்லின்மேல் இன்னொரு பல் ஏறி நின்றால் அதைத் தெத்துப்பல் என்கிறோம். இலக்கண சுத்தமாகச் சொல்வோர் தெற்றுப்பல் என்பர். அந்தப் பல் உள்ள பெண் சிரித்தால், "தெத்துப்பல்தான் அவளுக்கு அழகே!" என்று சொல்லுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அது அதிர்ஷ்டம் என்று கூறும் பாட்டிமாரும் உண்டு. இப்போது அந்தச் சொல்லின் முதலிலே நிற்கும் தகர ஒலியை மட்டும் எடுத்துவிடுங்கள். எத்துப்பல்! மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்பது. அதை அழகு என்று சொன்ன பாட்டியை நான் இதுவரை சந்தித்ததில்லை.

முன்னதும் வரிசை தவறிய பல். பின்னதும் வரிசை தவறிய பல். ஒன்றுக்குப் பாராட்டு, மற்றொன்றுக்குப் பட்டப்பெயர். இந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி யார்? ஜப்பானியரும் நம்மைப் போலத் தெத்துப்பல்லில் மயங்குகிறவர்களே. அவர்கள் அதை 'யாயெபா' என்கிறார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வரிசையான பல் வாய்க்கப்பெற்ற இளம்பெண்கள் பல் மருத்துவரிடம் போய், காசு கொடுத்து, கோரைப்பல்லின்மேல் செயற்கை முனையை ஒட்டவைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டுகளில் மற்ற நாடுகளிலே அதே வயதுப் பெண்கள் அதே பல்லை உள்ளே தள்ளக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்!

பல் அழகாக இருந்தால் சிரிப்பு அழகாக இருக்கும் என்பதை நான் மறுக்க வரவில்லை. முத்தையும் முல்லை அரும்பையும் பல்லுக்கு உவமை சொல்லிச் சொல்லி வளர்ந்த மொழி நம்முடையது. சிரிப்புக்கும் அணிகலனுக்கும் 'நகை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், எத்துப்பல் உள்ளவருடைய சிரிப்பு அழகற்றது என்று நாம் எண்ணுகிறோமே, அந்த அழகின்மையில் பெரும்பங்கு நாமே அவர் முகத்தில் கொண்டுபோய் வைத்தது என்பது என் கட்சி. நம் விடுதியிலும் நம் சங்க மேடையிலும் அதை நாள்தோறும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதனால்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

முதலில் பல்லைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வோம். வாயை இயல்பாகக் கடித்து மூடும்போது, மேல் முன்பல்லின் விளிம்பு கீழ் முன்பல்லின் முகப்பிலிருந்து கிடையாக எவ்வளவு தூரம் முன்னே நிற்கிறது என்று பல் மருத்துவர்கள் அளக்கிறார்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருந்தால் அது இயல்பான நிலை. ஆகவே, மேற்பல் சற்று முன்னே நிற்பது உலக வழக்கம். எத்துப்பல் என்று நாம் கை நீட்டிச் சொல்வதெல்லாம் அதற்குமேல் இருக்கும் நாலைந்து மில்லிமீட்டரை. ஓர் அரிசியின் நீளம்கூட இல்லாத அந்த இடைவெளிக்குத்தான் இத்தனை பெயர்!

முன்னே நிற்கும் மேற்பல்லுக்கு நம் மொழி கடன்பட்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? வகரம் எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லியிருக்கிறார். பல்லும் இதழும் பொருந்த அது பிறக்கும் என்பது அவர் கண்டது. மேற்பல் கீழுதட்டில் எளிதாக வந்து படியவேண்டுமானால், அது கீழ்ப்பல்லைத் தாண்டிச் சிறிது முன்னே நின்றாகவேண்டும். 2019-ல் சூரிக் பல்கலைக் கழகத்து மொழியியலார் சிலர் இதையே உலக அளவில் ஆராய்ந்து ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். முரட்டு உணவை மென்று வாழ்ந்த பழங்கால மனிதருக்குப் பல் தேய்ந்து, மேலும் கீழும் விளிம்போடு விளிம்பு முட்டி நின்றது. உழவுத்தொழில் வந்து உணவு மென்மையான பிறகு மேற்பல் முன்னே நிற்பது வாழ்நாள் முழுதும் நிலைத்தது. அதன் பின்பே வகரம் போன்ற பல்லிதழ் ஒலிகள் மொழிகளில் பெருகின என்பது அவர்கள் கூற்று. எல்லாரும் ஒப்புக்கொண்ட கூற்று அன்று. ஆயினும், "வாழ்க! வெல்க!" என்று நம் சங்கக் கூட்டத்தில் முழங்கும்போது முன்பல்லுக்கும் ஒரு வணக்கம் போட்டுவைப்பதில் நட்டமில்லை.

இனி, அளவு ஏன் மிகுகிறது? பெற்றோர் கொடுத்த தாடையமைப்பு முதற்காரணம். பால்பல் விழுந்து முளைத்த பின்னும் விடாமல் விரல் சூப்புவது இன்னொரு காரணம். பல் முன்னே வந்துவிட்டதாக நாம் காண்பதில் பலவும் கீழ்த்தாடை போதிய அளவு வளராமல் பின்தங்கியதால் உண்டாகும் தோற்றமே. குற்றவாளி கீழே ஒளிந்திருக்க, மேற்பல் பழி சுமக்கிறது. இவற்றில் எதற்கும் அறிவோடும் குணத்தோடும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஆனால் பார்ப்பவர் கண் அப்படி நினைப்பதில்லை என்பதுதான் துன்பம். பிரிட்டனைச் சேர்ந்த பல் சீரமைப்பு ஆராய்ச்சியாளர் வில்லியம் ஷா 1981-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறுவர் சிறுமியரின் புகைப்படங்களை எடுத்து, முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் பல்லை மட்டும் மாற்றினார். ஒரு படத்தில் வரிசைப்பல், இன்னொன்றில் முன்னே துருத்திய பல், மற்றொன்றில் நெருக்கியடித்த பல் என்று இப்படி. பிறகு அவற்றைப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் காட்டிக் கருத்துக் கேட்டார். வரிசைப்பல் உள்ள படத்துக்கு அழகிலே கூடுதல் மதிப்புக் கிடைத்தது. அது எதிர்பார்த்ததே. அதோடு நின்றதா? அந்தப் பிள்ளையே நட்புக்குத் தகுந்தவன், அந்தப் பிள்ளையே அறிவாளி, அந்தப் பிள்ளையே சண்டைக்குப் போகாதவன் என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். முகம் ஒன்றுதான், மூளையும் ஒன்றுதான். பல்லை மாற்றியதும் மதிப்பெண் மாறிவிட்டது!

அதற்கு ஓராண்டு முன்பு அவரும் உடன் பணியாற்றியவர்களும் பள்ளிப் பிள்ளைகளின் பட்டப்பெயர்களையும் ஆராய்ந்தார்கள். உயரம், பருமன், முடி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகக் கேலிக்கு இலக்காவது பல் என்று கண்டார்கள். எண்ணிக்கையிலே நாலாவது, ஆனால் வலியிலே அப்படி இல்லை. பல்லைப் பற்றிய கேலி மற்றவற்றைவிட மிகுதியாகப் புண்படுத்துகிறது என்பது அவர்கள் முடிவு. இதற்கு ஆராய்ச்சியே வேண்டியதில்லை என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும்.

கேலியோடு போய்விட்டால் பரவாயில்லை, சோற்றுக்கும் அது குறுக்கே வருகிறது. 2022 டிசம்பரில் கேரளத்திலே, மலைப்பகுதியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர் ஒருவர் வனத்துறைக் காவற்பணிக்கான தேர்வுகளில் தேறி வந்தும், முன்பல் துருத்தியிருக்கிறது என்ற காரணத்தால் பணி மறுக்கப்பட்ட செய்தி நாளேடுகளில் வந்தது. சீருடைப் பணிகளுக்கான உடற்தகுதி விதியிலே அப்படி எழுதியிருந்தது. சிறு வயதில் கீழே விழுந்ததால் வந்த குறை அது என்றும், சிகிச்சைக்கு வழியில்லை என்றும் குடும்பத்தார் சொன்னார்கள். செய்தி பரவி, எதிர்ப்புக் கிளம்பி, பின்னர் அரசு அந்த விதியைத் திருத்த முன்வந்தது. நான் கேட்கிறேன்: காட்டு யானையின் தடம் பார்த்து நடக்கும் ஒருவனுக்கு முன்பல் எதற்குத் தடை? மரம் கடத்துகிறவன் பல்லைப் பார்த்தா பயப்படுவான்? அந்த விதியை எழுதியவர் கொடியவராய் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஷாவின் புகைப்படங்களைப் பார்த்த சாதாரண மனிதர்களைப் போன்றவராகவே இருந்திருப்பார். கையில் பேனா இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

பார்ப்பவர் கண் எதற்கு அடங்குகிறது என்பதற்கு மறுகோடியிலும் ஒரு சான்று உண்டு. மேற்பல்லுக்குப் பதில் கீழ்த்தாடை முன்னே நீண்ட ஓர் அரச குடும்பம் ஐரோப்பாவை ஆண்டது. ஹாப்ஸ்பர்க் குடும்பம் என்பது அதன் பெயர். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்தார்கள். ஸ்பெயின் மன்னர் நாலாம் பிலிப் தம் தங்கை மகளையே மணந்து பெற்ற இரண்டாம் கார்லோஸ், 1700-ல் வாரிசில்லாமல் இறந்தார். (அக்காள் மகளைக் கட்டுவது முறை என்று வாதாடும் நம் ஊர்ப் பெரியவர்கள் இவ்வரலாற்றைப் படிப்பது நல்லது.) 2019-ல் ஆராய்ச்சியாளர்கள், இக்குடும்பத்தார் 15 பேரின் 66 ஓவியங்களை முகத்தாடை அறுவை மருத்துவர்கள் 10 பேரிடம் காட்டி மதிப்பிடச் செய்து, உறவுமணம் நெருங்க நெருங்கத் தாடை நீட்சியும் மிகுந்தது என்று காட்டினார்கள். எனக்கு இதில் வியப்பு வேறு. அந்த ஓவியங்களில் தாடையை ஓவியர்கள் ஒளிக்கவில்லை. வெலாஸ்கெத் போன்ற பெரும் ஓவியர் அந்தத் தாடையோடுதான் மன்னரை வரைந்தார். மன்னரும் அப்படியே மாட்டிவைத்துக்கொண்டார். முடி தரித்த தலையில் இருந்தால் அது குலச்சின்னம். நம் விடுதியின் மூன்றாம் மாடி அறையில் இருந்தால் அது கேலிப்பொருள்!

"மருத்துவ அறிவியல் அளந்து சொல்கிறதே, அதுவும் வெறும் கண்ணோட்டம்தானா?" என்று கேட்பீர்கள். பாதி அப்படித்தான். பற்கள் கடிக்கும் முறையை 1899-ல் மூன்று வகுப்பாகப் பிரித்துப் பல் சீரமைப்புத் துறைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள். அவர் வகுத்த பிரிவு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முக அழகுக்கு அவர் போற்றிய எடுத்துக்காட்டு எது தெரியுமா? வாத்திகன் அரண்மனையில் நிற்கும் அப்பல்லோவின் பளிங்குச் சிலை! பின்னாளில் ராபர்ட் ரிக்கெட்ஸ் என்பவர் மூக்கு நுனியிலிருந்து மோவாய் வரை ஒரு கோடு போட்டு, உதடுகள் அதற்குச் சற்று உள்ளே அடங்கி நிற்பதே நன்று என்றார். மூக்கு நீண்டு உதடு மெலிந்த வெள்ளையர் முகங்களுக்கு அக்கோடு பொருந்தும். ஆப்பிரிக்கர்க்கும் ஆசியர் பலருக்கும் இரு தாடைப் பற்களும் சற்று முன்னோக்கியிருப்பது மிகுதி, உதடும் நிறைந்தது. நம்மவரில் எத்தனையோ பேரின் உதடு அக்கோட்டைத் தொடும், சிலருக்குத் தாண்டும். அதனால் நாம் எல்லாரும் நோயாளிகள் ஆகிவிடுவோமா? நல்ல வேளையாக மருத்துவர்களே இதை உணர்ந்து, இந்தியாவின் பல வட்டார மக்களுக்கும் தனித்தனி அளவுகள் எடுத்திருக்கிறார்கள். அப்பல்லோ தம் ஊரில் அழகராக இருந்துவிட்டுப் போகட்டும். மதுரைத் தெருவில் போகிறவருக்கு அவர் ஏன் அளவுகோல் ஆகவேண்டும்?

அன்றியும், துறையறிந்தவர் கண் வேறு, நம் கண் வேறு. அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், சிரிக்கும் வாயின் படங்களைச் சிறிது சிறிதாக மாற்றி மூவகையாரிடம் காட்டினார்கள். மேல்வரிசையின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகியிருப்பதைப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். சாதாரணப் பல் மருத்துவரும் பொதுமக்களும் அதைக் கவனிக்கவேயில்லை. சிரிக்கும்போது ஈறு 2 மில்லிமீட்டர் தெரிந்தாலே சீரமைப்பு மருத்துவர்க்கு உறுத்தியது. மற்றவர்க்கு 4 மில்லிமீட்டர் தெரிந்த பிறகே உறுத்தியது. கண்ணாடிமுன் நின்று தன் பல்லைத் தானே அரைமணி நேரம் ஆராய்கிறவர் தம்மைத் தாமே அந்தச் சீரமைப்பு மருத்துவர் கண்ணோடு பார்க்கிறார். எதிரே வருகிறவருக்கு அவ்வளவு ஓய்வு இல்லை.

கண்ணாடியை விடக் கொடியது கைப்பேசி. கையை நீட்டித் தன்னைத்தானே படமெடுக்கும்போது கருவி முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டரில் எடுத்ததை விட ஏறத்தாழ 30 விழுக்காடு பெரிதாகத் தோன்றும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்குக்குக் கீழே இருக்கும் வாயும் முன்பல்லும் மட்டும் தப்புமா? அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, "ஐயோ, இவ்வளவு முன்னால் வந்துவிட்டதே!" என்று ஏங்குகிறவர்களை நான் அறிவேன்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. சிரிப்பு என்பது பல் காட்சி அன்று. அது ஓர் இயக்கம். 1862-ல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்து எழுதினார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள வட்டத்தசை சுருங்கிக் கண்ணோரத்தில் கோடு விழுவதோ உள்ளம் மகிழும்போது தானே வருகிறது. அந்தக் கண்ணோரக் கோட்டைத்தான் நாம் 'மனம்விட்டுச் சிரித்தான்' என்கிறோம். இனி, எத்துப்பல் உள்ள ஒருவர் சிரிக்க வாய் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சிரிப்பு வருகிறது, பாதியில் நினைவு வருகிறது, கை மேலே போகிறது, மேலுதடு கீழே இழுக்கப்படுகிறது. உதட்டை வலிந்து மூடுவதால் மோவாய்த் தோல் சுருங்கிக் குழிகுழியாகிறது. கண் சிரிப்பதை நிறுத்திவிட்டு, யார் பார்க்கிறார்கள் என்று தேடுகிறது. அந்தக் கணத்தில் அவர் முகம் அழகாக இல்லை என்பது மெய்தான். பல் வெளியே தெரிந்ததனாலா அழகு போயிற்று? பல்லை மறைக்கப் பட்ட பாட்டினால் அல்லவா போயிற்று!

எனக்கும் முன்பல் எத்துதான். அளந்த மருத்துவர் 6 மில்லிமீட்டர் என்றார். "தம்பி, கம்பி போட்டால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. இடம் பண்ண நாலு பல் எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கத் தாங்கி போட்டுக்கொள்ள வேண்டும்" என்று விளக்கினார். நல்ல மனிதர், போட்டே ஆகவேண்டும் என்று மிரட்டவில்லை. தாடையே மிகவும் முன்பின்னாக இருப்பவர்க்கு வளர்ச்சி முடிந்தபின் தாடையெலும்பை அறுத்து நகர்த்தும் சிகிச்சையும் உண்டு என்று அவர்தான் சொன்னார்.

சிகிச்சை வீண் என்று நான் சொல்லமாட்டேன். கடிக்க முடியாதவர்க்கும், கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்துகிறவர்க்கும் அது தேவை. மேற்பல் 3 மில்லிமீட்டருக்குமேல் முன்னே நிற்கும் பிள்ளைகளுக்கு, விழுந்தால் முன்பல் அடிபடும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. கால்பந்து ஆடும் நண்பர்கள் இதை நினைவில் வைத்து வாய்க்கவசம் போட்டுக்கொள்வது நன்று. எலினார் ரூசவெல்ட் அம்மையாருக்கும் முன்பல் எத்துதான். 1946-ல் கார் விபத்தில் அவை உடைந்தன. துருத்திய குடும்பப் பல் போய் இனி அழகான பீங்கான் பல் வரப்போகிறது என்று அவரே தம் நாளேட்டுப் பத்தியில் வேடிக்கையாக எழுதினார். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது, அதை வகுத்த குழுவின் தலைவர் அவர். அந்தத் தலைமை புதுப்பல்லால் வந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

அழகுக்காக என்று போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொண்டு போகட்டும். 1981-ல் வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரில் 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரைப் பல்லும் மனநிலையும் சோதித்துக் குறித்துவைத்தார்கள். 20 ஆண்டு கழித்து, 2001-ல், அவர்களில் 337 பேரைத் தேடிப்பிடித்து மீண்டும் சோதித்தார்கள். முன்னே சொன்ன ஷாவும் இதில் இருந்தார். கம்பி கட்டிக்கொண்டவர்களின் பல் வரிசையாகியிருந்தது. ஆனால், தன்மதிப்பு? சிறு வயதில் அது யாருக்கு உயர்ந்திருந்ததோ அவர்களுக்கே வளர்ந்தபின்னும் உயர்ந்திருந்தது. கம்பியால் மனத்துக்கு வந்த பயன் மிகச் சிறிது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் வளர்ந்தபின் அதனால் மனம் நொந்து கிடக்கவும் இல்லை. பிள்ளைப் பருவத்துத் தன்மதிப்பைப் பல் மருத்துவர் தருவதில்லை. உடன் படித்தவர்கள், உடன் விளையாடியவர்கள், வீட்டார் என்று இவர்கள் கையில் இருக்கிறது அது. இங்கே, ஊரைவிட்டு இத்தனை கல் தள்ளிவந்து படிக்கும் நமக்கு, உடன் இருப்பவர்கள் நாமே அல்லவா?

ஆகவே நம்மைப் பற்றிப் பேசுவோம். மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கும் தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடம் நான்கு என்று சொல்லி, அவற்றிலும் எள்ளலை முதலில் வைத்தார். உரையாசிரியர் பேராசிரியர் அங்கே ஒரு நுட்பம் சொல்கிறார். தான் பிறரை எள்ளும்போதும் நகை வரும். பிறர் தன்னை எள்ளும்போதும் தனக்கு நகை வரும் என்று. இரண்டாவதைப் படித்தபோது எனக்கு நம் சாப்பாட்டுக் கூடம் கண்முன் வந்தது. ஒருவன், "டேய், தேங்காய்த் துருவி, இந்த மூடியைத் துருவிக் கொடு!" என்கிறான். மேசை முழுதும் சிரிக்கிறது. துருவி என்று பெயர் வாங்கியவனும் வாயைப் பொத்திக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறான். "அவனே சிரிக்கிறான், உனக்கென்ன?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எள்ளப்பட்டவன் சிரிப்பது வேறு சிரிப்பு என்பது எண்ணூறு ஆண்டுக்கு முந்திய உரைகாரருக்குத் தெரிந்திருக்கிறது.

மேடைக்கு வருவோம். எத்துப்பல்லுக்கு நம் கலைமரபில் கிடைத்த வேடங்கள் எவை? கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகருக்குக் கோரைப்பல் வெளியே நீளும். கூத்திலே அரக்கனுக்கு அப்படி. பேய்க்கு அப்படி. காரைக்கால் அம்மையார் அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார் என்பது வரலாறு. திருவாலங்காட்டுப் பேயை அவர் பாடும்போது அதன் நீண்ட பற்களையும் மறக்காமல் பாடினார். அந்த வடிவத்தோடு போனவரைத்தான் இறைவன் 'அம்மையே' என்று அழைத்தான் என்கிறது பெரியபுராணம். அந்த ஓர் இடத்தை விட்டால் எத்துப்பல்லுக்கு மரியாதை கிடைத்த மேடை அரிது. இக்காலச் சமூக நாடகத்திலோ, சினிமாவிலோ அது அரக்கனிடமிருந்து வேலைக்காரனுக்கும் பட்டிக்காட்டானுக்கும் இறங்கியிருக்கிறது. வேலைக்காரனுக்கு எழுதும் வசனத்தில் சிரிப்பு வராவிட்டால் ஒரு பொய்ப்பல்லை மாட்டிவிடுவது! நம் சங்கத்தின் பொங்கல் நாடகங்களிலும் அந்தக் கட்டுப்பல் தவறாமல் மேடையேறி வருகிறது. வசனம் எழுதுகிற நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்: அது நகைச்சுவை அன்று, நகைச்சுவை எழுத வராதவனின் கைத்தடி.

பொய்ப்பல்லை வேறு விதமாகவும் மாட்டலாம் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். சான்சிபாரில் பிறந்த பார்சிச் சிறுவன் ஒருவன் மராட்டிய நாட்டு மலையூரான பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தான். வாயில் நான்கு பல் கூடுதலாக முளைத்து, முன்பற்களை வெளியே தள்ளியிருந்தன. விடுதிப் பிள்ளைகள் அவனுக்கு 'பக்கி' என்று பட்டப்பெயர் இட்டார்கள். எத்துப்பல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் ஊர் வசையோடு ஒத்து ஒலிப்பது தற்செயல். அவன்தான் பின்னாளில் பிரெடி மெர்க்குரி. பணம் குவிந்த பிறகும் அந்தப் பற்களை அவர் எடுக்கவில்லை; எடுத்தால் குரல் மாறிவிடுமோ என்று அஞ்சினார். பேட்டிகளில் பேசும்போது மேலுதட்டால் பல்லை மறைப்பார். சிரித்தால் கை வாய்க்குப் போகும். பஞ்சகனிப் பட்டப்பெயர் அதுவரை கூட வந்தது போலும். ஆனால் பாடும்போது மறைப்பதில்லை. 1985 ஜூலை 13-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் எழுபதாயிரம் பேருக்குமேல் அவரோடு சேர்ந்து கைதட்டிப் பாடினார்கள். 1991-ல் அவர் மறைந்தார். 2018-ல் வந்த திரைப்படத்தில் அவராக நடித்த ராமி மாலெக் பொய்ப்பல் மாட்டிக்கொண்டு நடித்து, மறு ஆண்டு சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிசு பெற்றார். அதுவும் கட்டுப்பல்தான். யாரையும் பார்த்துச் சிரிக்கச்சொல்லி மாட்டப்பட்டது அன்று. கதாநாயகனின் முகமாக மாட்டப்பட்டது.

எனவே நாடகக் குழுவினருக்கு என் விண்ணப்பம் இது. வருகிற பொங்கல் நாடகத்தில் வேலைக்காரனின் பல்லைக் கழற்றிவிடுங்கள். அவனுக்கு நல்ல வசனம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். சிரிப்பு தானே வரும். குழுப் படம் எடுக்க வருகிற புகைப்படக்காரரிடம், "வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்" என்று பின்வரிசையைப் பார்த்துச் சொல்லவேண்டாம் என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கதாநாயகன் வேடத்துக்கு ஆள் தேடும்போது குரலைக் கேட்டுத் தேடுங்கள். குரல் சோதனை எந்த நாள், எந்த அறை என்பதை அறிவிப்புப் பலகையில் போட்டால் நானும் வருகிறேன். சாப்பாட்டுக் கூடத்து நண்பனையும் அழைத்து வருகிறேன். அவன் நன்றாகப் பாடுவான்.